பெயர் இல்லாதவருக்குப் பங்கில்லை: வேதாகமப் பட்டியல்களின் பின்னணி

எஸ்றாவின் புத்தகத்தில் இரண்டாம் அதிகாரம் ஏறக்குறைய முழுவதுமே ஒரு பட்டியல். பாரசீக மன்னன் கோரேசு கி.மு. 538 அளவில் விடுத்த ஆணையின் பேரில் பாபிலோனிலிருந்து யூதாவுக்குத் திரும்பியவர்கள் அதிலே குடும்பம் குடும்பமாகவும் ஊர் ஊராகவும் எண்ணப்படுகிறார்கள். பாரோஷின் புத்திரர் 2,172 பேர், செபத்தியாவின் புத்திரர் 372 பேர் என்று ஒரே நடையில் செல்லும் அந்தக் கணக்கு, 59ஆம் வசனத்தில் தடைப்படுகிறது. தெல்மெலாகு, தெல்அர்சா முதலிய இடங்களிலிருந்து வந்த 652 பேர், தாங்கள் இஸ்ரவேலர்தாம் என்பதைத் தங்கள் பிதாக்களின் வம்சத்தைக் கொண்டு காட்ட முடியாதவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்ததாக அபாயா, கோஸ், பர்சிலாய் என்னும் மூன்று ஆசாரியக் குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் வம்ச அட்டவணையிலே தங்கள் பெயரைத் தேடுகிறார்கள், பெயர் அகப்படவில்லை. அதனால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்படுகிறார்கள். கடவுளின் சித்தத்தை அறிய ஆசாரியர் பயன்படுத்திய ஊரீம் தும்மீம் கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடிய ஓர் ஆசாரியன் எழும்பும்வரை, பரிசுத்த காணிக்கையிலிருந்து அவர்கள் உண்ணக்கூடாது என்று ஆளுநர் கட்டளையிடுகிறார். லேவி கோத்திரத்துக்கு நிலப்பங்கு கிடையாது. பலிகளிலும் காணிக்கைகளிலும் கிடைக்கும் பங்கே ஆசாரியரின் பிழைப்பு. ஆகவே அந்த மூன்று குடும்பங்களும் பெயரோடு சேர்த்து உணவையும் இழந்தன.

கொழும்பில் வாழும் தமிழ் வாசகருக்கு இந்த வசனங்களை விளங்கவைக்க நீண்ட முன்னுரை தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டிலேயே பிறந்த ஒருவரிடமும், உன் தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. தோட்டத்து லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களிடம் அதற்கான கடதாசி இருக்கவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னொரு பேச்சுவார்த்தைக்காக ஒதுக்கிவைத்தது. மிஞ்சியிருந்தோரின் நிலைக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் தீர்வு எட்டியது. இன்று கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் வத்தளையிலும் ஞாயிறு ஆராதனைக்கு வருகிற எத்தனையோ குடும்பங்கள் அந்த வரலாற்றின் வழியாக வந்தவை. எஸ்றா 2:59 அந்தச் சபைகளில் ஒருநாளேனும் பிரசங்க வசனமாக எடுக்கப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வேதாகமத்தின் வறண்ட பகுதிகள் என்று நாம் தாண்டிச் செல்கிறவை பெரும்பாலும் இந்த வகையான பதிவேடுகள். யார் இந்த மக்களைச் சேர்ந்தவர், யாருக்கு எந்த நிலம், யார் ஆலயத்தில் ஊழியம் செய்யலாம், யார் என்ன கொடுத்தார், யார் எந்தப் பகுதியைக் கட்டினார் என்பவை அவற்றால் தீர்க்கப்பட்டன. கதையை வாசிக்கும் எதிர்பார்ப்போடு அவற்றிடம் போனால் அவை வாய் திறக்கமாட்டா. காணி உறுதியை வாசிக்கிற கவனத்தோடு போய், இந்தப் பெயர் இங்கே எழுதப்படாமல் விட்டிருந்தால் யார் எதை இழந்திருப்பார் என்று கேட்டால், அவை பேசத் தொடங்குகின்றன. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல முற்படுவது அவ்வளவே. மற்றவை அதற்கான எடுத்துக்காட்டுகள்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் நிலத்துக்கும் ஆட்களுக்குமாகத் தோம்புகள் என்னும் பதிவேடுகள் எழுதப்பட்டன. காணித் தோம்பு, தலைத் தோம்பு என்பவற்றோடு, திருச்சபைப் பாடசாலைகளை மையமாகக் கொண்டு ஞானஸ்நானமும் திருமணமும் குடும்ப உறுப்பினர் பெயர்களும் பதியப்பட்ட பாடசாலைத் தோம்பும் இருந்தது. அன்று ஞானஸ்நானப் பதிவு ஒருவருடைய ஆத்துமாவைப் பற்றிய குறிப்பாக மட்டும் இருக்கவில்லை. முதுசச் சொத்துக்கு யார் உரித்தாளி என்று வழக்கு எழுந்தபோது சான்றாக நின்றதும் அதுதான். அந்தத் தோம்புகளில் எஞ்சியவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பேணப்படுகின்றன. அவற்றை இன்று யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. ஆனால் தன் பூட்டனின் பெயரை அங்கே தேடி வருகிற ஒருவருக்கு அந்தப் பக்கங்களில் வறட்சி தெரிவதில்லை. முதலாம் நாளாகமம் அப்படித் தேடி வந்தவர்களுக்காகவே எழுதப்பட்டது.

ஆண்டு முழுவதும் வேதாகமத்தை வாசித்து முடிக்கும் திட்டத்தை ஜனவரியில் தொடங்குகிறவர்கள் யாத்திராகமத்தின் கூடாரத் திட்டங்களிலோ, லேவியராகமத்திலோ, எண்ணாகமத்தின் குடிமதிப்பிலோ நின்றுவிடுவது எல்லாச் சபையிலும் தெரிந்த சங்கதி. அவற்றைக் கடந்து வந்தவர்களையும் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் தளர்த்திவிடும். "ஆதாம், சேத், ஏனோஸ்" என்று வினைச்சொல்லே இல்லாமல் தொடங்கும் நூல் அது. ஆசிரியர் எழுதிய காலத்தை மனதில் கொண்டால் அந்தத் தொடக்கத்தின் அவசரம் புரியும். எருசலேம் இடிக்கப்பட்டு, அரச வம்சம் அரியணை இழந்து, நாடு பாரசீகப் பேரரசின் ஒரு சிறு மாகாணமாகச் சுருங்கிவிட்ட பின்னர் எழுதப்பட்ட நூல் அது. அரசனும் இல்லை, படையும் இல்லை. நாம் யார் என்று கேட்கும் தலைமுறைக்கு விடை சொல்ல ஆசிரியரிடம் எஞ்சியிருந்தவை பெயர்களே. ஆகவே அவர் மனித குலத்தின் முதல் பெயரிலிருந்து தொடங்கி, ஒன்பதாம் அதிகாரத்தில் எருசலேமுக்குத் திரும்பி வந்து குடியேறியோரின் பெயர்கள்வரை இடையறாமல் ஒரு கோடு இழுக்கிறார். யூதா கோத்திரத்துக்கும் லேவி கோத்திரத்துக்கும் மிக அதிக இடம் ஒதுக்கப்படுவதும் தற்செயலன்று. தாவீதின் வம்சமும் ஆலய ஊழியமும்தான் அந்தத் தலைமுறை பற்றிக்கொள்ளக்கூடிய இரண்டு தூண்கள்.

நீண்ட பட்டியலை வாசிக்கும்போது கவனம் அதன் ஒழுங்கு முறியும் இடங்களுக்குப் போக வேண்டும். ஆதியாகமம் 5இல் ஒவ்வொருவரும் இத்தனை ஆண்டு வாழ்ந்தான், பிள்ளைகளைப் பெற்றான், மரித்தான் என்று முடிகிறார்கள். ஏனோக்கு ஒருவனுக்கு மட்டும் அந்த முடிவு எழுதப்படவில்லை. நாளாகமத்திலும் அப்படி. பெரும்பாலும் ஆண்களின் பெயர்களாகவே செல்லும் வரிசையில், எப்பிராயீமின் சந்ததியில் சேராள் என்னும் பெண் மேல் பெத்தொரோனையும் கீழ் பெத்தொரோனையும் கட்டினாள் என்று ஏழாம் அதிகாரம் சொல்கிறது; வேதாகமத்தில் ஊர்களைக் கட்டியவள் என்று பெயர் பெற்ற பெண் அவள் ஒருத்தியே. சேசானுக்கு ஆண்பிள்ளை இல்லாதபோது அவன் தன் மகளை யர்கா என்னும் எகிப்திய வேலைக்காரனுக்குக் கொடுத்தான் என்றும், அவர்கள் வழியாகவே அந்தக் கிளை பதின்மூன்று தலைமுறை தொடர்ந்தது என்றும் இரண்டாம் அதிகாரம் பதிந்திருக்கிறது. நாடு திரும்பிய மக்கள் அந்நியரோடு கலந்த திருமணங்களைக் குறித்துக் கடுமையாக வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், யூதாவின் வம்சத்துக்குள்ளேயே ஓர் எகிப்தியனின் பெயர் அழிக்கப்படாமல் நிற்கிறது. நான்காம் அதிகாரத்தில் மெல்லிய புடவை நெய்தவர்களின் குடும்பமும், அரசனுடைய வேலைக்காகக் குடியமர்ந்த குயவரும் ஒவ்வொரு வசனத்தில் வந்து போகிறார்கள். அரச வம்சத்தைப் பாட வந்த நூலில் குயவருக்கு ஒரு வசனம் கிடைத்திருக்கிறது.

முறிவைப் பார்ப்பதைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்று உண்டு: இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. எண்ணாகமம் 1இல் சீனாய் வனாந்தரத்தில் ஒரு குடிமதிப்பு. 26இல் யோர்தானின் கரையில், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளின் பின் இன்னொன்று. முதலாவதன் மொத்தம் 603,550. இரண்டாவதன் மொத்தம் 601,730. இவ்வளவு பெருந்தொகை எப்படிச் சாத்தியம் என்று ஆய்வாளர் நீண்டகாலமாக விவாதிக்கின்றனர். அந்த விவாதத்தில் நான் இறங்கவில்லை. கோத்திரம் கோத்திரமாக ஒப்பிட்டால் தெரிவதுதான் இங்கே முக்கியம். மனாசே 32,200இலிருந்து 52,700ஆக வளர்ந்திருக்கிறது. சிமியோனோ 59,300இலிருந்து 22,200ஆக வீழ்ந்திருக்கிறது. அதற்குச் சற்று முன்னே, 25ஆம் அதிகாரத்தில், பாகால்பேயோர் என்னும் அந்நிய தெய்வத்தை வணங்கிய பாவமும் அதைத் தொடர்ந்து 24,000 பேரைக் கொன்ற வாதையும் சொல்லப்படுகின்றன. அங்கே தண்டிக்கப்பட்டவனாகப் பெயர் குறிக்கப்படும் சிம்ரி, சிமியோன் கோத்திரத்துப் பிரபு. கணக்கு எழுதியவர் காரணம் எதையும் சொல்லவில்லை. எண்களை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். இரண்டாவது குடிமதிப்பின் கடைசி வசனம், முதல் குடிமதிப்பில் எண்ணப்பட்டவர்களில் காலேபையும் யோசுவாவையும் தவிர ஒருவரும் மிஞ்சவில்லை என்று முடிகிறது. முழு எண்ணாகமமும் சொல்ல வந்த செய்தி, அந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில் இருக்கிறது.

அந்த இரண்டாவது குடிமதிப்பின் நடுவே, மனாசே கோத்திரத்தை எண்ணும் இடத்தில், செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை, மகள்மார் மட்டுமே என்று சொல்லி, மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்ற ஐந்து பெயர்களும் தரப்படுகின்றன. படைக்கு ஆள் எண்ணும் இடாப்பில் ஐந்து பெண்களின் பெயர் எதற்கு என்ற கேள்வி அங்கே எழ வேண்டும். விடை அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது. இந்தக் குடிமதிப்பை வைத்துத்தான் நிலம் பங்கிடப்படப்போகிறது என்பதை அறிந்த அந்த ஐந்து பெண்களும், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் முன்பாக ஆசரிப்புக் கூடாரத்து வாசலில் வந்து நின்று, ஆண்பிள்ளை இல்லாத காரணத்தால் எங்கள் தகப்பனின் பெயர் வம்சத்திலிருந்து அற்றுப்போவதேன், எங்களுக்கும் காணி தாரும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரி என்று தீர்ப்பு வருகிறது. மகள்மாருக்கு உரிமை கிடைக்கும்படி சட்டம் மாற்றப்படுகிறது. 36ஆம் அதிகாரத்தில் அந்த உரிமைக்கு ஒரு கட்டுப்பாடு வருகிறது: தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே அவர்கள் மணம்முடிக்க வேண்டும். யோசுவா 17இல் அவர்கள் மறுபடியும் வந்து வாக்குறுதியை நினைவூட்டித் தங்கள் பங்கைப் பெற்றுக்கொள்கிறார்கள். சீதனமும் முதுசமும் குடும்பத்துக்குள் என்னென்ன வழக்குகளை எழுப்பும் என்பதைத் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின் வழியே அறிந்தவர்களுக்கு, இந்த மூன்று அதிகாரங்களின் வாதப்பிரதிவாதம் அந்நியமாகத் தோன்றாது.

இந்தப் பெயர்களுக்கு இன்னொரு சாட்சியும் கிடைத்திருக்கிறது. 1910ஆம் ஆண்டு அகழ்வில், பண்டைய சமாரியாவின் அரண்மனைப் பகுதியிலிருந்து மையெழுத்துள்ள மட்பாண்டச் சில்லுகள் பல எடுக்கப்பட்டன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை, சுற்றுவட்டாரங்களிலிருந்து வந்துசேர்ந்த திராட்சரசத்துக்கும் எண்ணெய்க்குமான குறிப்புகள். பொருள் அனுப்பிய வட்டாரங்களின் பெயர்களாக அபியேசேர், அஸ்ரியேல், ஏலேக், சீகேம், செமிதா என்ற மனாசே குலப்பெயர்கள் அவற்றில் வருகின்றன. அவற்றோடு நோவாளின் பெயரும் ஒக்லாளின் பெயரும் வருகின்றன. எண்ணாகமத்தில் நாம் வேகமாகப் புரட்டிவிடும் அந்த இரண்டு பெண்களின் பெயரில் உண்மையான வட்டாரங்கள் இருந்தன. அங்கே திராட்சை விளைந்தது. அதற்குக் கணக்கு எழுதப்பட்டது. குலப்பட்டியல் என்பது பண்டைய வாசகருக்கு நிலப்படமாகவும் விளங்கியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

எண்ணாகமம் 7 வேறு விதமான சோதனை. 89 வசனங்கள் கொண்ட மிக நீண்ட அதிகாரம் அது. பலிபீடப் பிரதிஷ்டைக்காகப் பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்கள் பன்னிரண்டு நாட்களில் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஒவ்வொருவரும் கொண்டுவருவது ஒன்றே: 130 சேக்கல் நிறையுள்ள வெள்ளித்தாலம், 70 சேக்கல் நிறையுள்ள வெள்ளிக்கலம், தூபவர்க்கம் நிறைந்த 10 சேக்கல் பொன்கரண்டி, பலிக்குரிய மிருகங்கள். முதல் நாள் யூதாவின் நகசோன் கொண்டுவந்ததை எழுதிவிட்டு, மற்றவரும் அவ்வாறே என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டு முறையும் முழு விவரமும், பெயர் மட்டும் மாறி, சொல்லுக்குச் சொல் திரும்ப எழுதப்படுகிறது. நம் ஊர்க் கோயில் மகோற்சவ விஞ்ஞாபனத்தில் இன்ன நாள் திருவிழா இன்னார் உபயம் என்று நாளுக்கு நாள் அச்சிடுவதை எண்ணிப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். ஏழாம் நாள் உபயகாரரிடம் போய், உங்கள் பூசையும் முதல் நாளைப் போன்றதுதானே, தனியே பெயர் போடுவானேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். 74,600 வீரரை உடைய யூதாவுக்கு எத்தனை வசனமோ, 32,200 பேரை உடைய மனாசேக்கும் அத்தனை வசனம். கடைசியில் 2,400 சேக்கல் வெள்ளி, 120 சேக்கல் பொன் என்று மொத்தம் கூட்டப்படுகிறது. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கிறது. யூதர்கள் இந்த அதிகாரத்தை இன்றும், ஆலயம் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்டதை நினைவுகூரும் அனுக்கா பண்டிகையின் நாட்களில் பகுதி பகுதியாக ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள்.

கணக்குச் சரியாக இராத இடங்களும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. எஸ்றா 2இல் உள்ள அதே பட்டியல் நெகேமியா 7இலும் வருகிறது. ஆராகின் புத்திரர் ஒன்றில் 775, மற்றதில் 652. அஸ்காத்தின் புத்திரர் ஒன்றில் 1,222, மற்றதில் 2,322. இரண்டு நூல்களும் மொத்தம் 42,360 என்று ஒரே தொகையைச் சொல்கின்றன; ஆனால் தனித்தனி எண்களைக் கூட்டினால் எஸ்றாவில் 29,818உம் நெகேமியாவில் 31,089உம்தான் வருகின்றன. பெண்கள் சேர்க்கப்படவில்லை என்றும், பிரதி எழுதியோர் கைத்தவறு என்றும் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு இதில் படுவது, தம் கைக்கு வந்த பதிவைத் திருத்தி ஒன்றாக்காமல், இருந்தபடியே கடத்திய பரம்பரையின் நேர்மை.

பட்டியல்களில் எனக்கு மிக நெருக்கமானது நெகேமியா 3. கி.மு. 445 அளவில் எருசலேமின் மதில் திரும்பக் கட்டப்பட்டபோது யார் எந்தத் துண்டைக் கட்டினார் என்று வாசல் வாசலாக, நகரைச் சுற்றி வருகிற பதிவு அது. பிரதான ஆசாரியன் எலியாசிபும் அவன் சகோதரரும் ஆட்டுவாசலைக் கட்டுகிறார்கள். தட்டார் ஒரு துண்டையும் தைலக்காரர் ஒரு துண்டையும் எடுத்துக்கொள்கிறார்கள். எருசலேமில் பாதிக்கு அதிபதியான சல்லூம் தன் குமாரத்திகளோடு நின்று கட்டுகிறான். பெத்கேரேம் மாகாணத்து அதிபதி மல்கியா குப்பைமேட்டு வாசலை ஏற்கிறான். பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டுகிறார்கள். தன் பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்கு முன்னுள்ள மதிலை எவரும் அரைகுறையாகக் கட்டமாட்டார் என்பதைத் திட்டமிட்டவர் அறிந்திருந்தார் போலும். தெக்கோவா ஊரார் தங்கள் பங்கைக் கட்டினார்கள், ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று ஐந்தாம் வசனம் எழுதி வைத்திருக்கிறது. அதே தெக்கோவா ஊரார் 27ஆம் வசனத்தில் இரண்டாவது துண்டையும் கட்டுகிறார்கள். பெரியவர்கள் விலகிய பின்னும் ஊர் விலகவில்லை என்று உரையாசிரியர் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பட்டியலே சொல்லிவிட்டது.

இந்த அதிகாரத்தில் மெரெமோத் என்றொருவர் வருகிறார். கோசின் குமாரனாகிய உரியாவின் மகன் என்று நான்காம் வசனம் அவரை அறிமுகம் செய்கிறது. கோஸ் என்பது, எஸ்றா 2இல் வம்ச அட்டவணையில் பெயர் கிடைக்காமல் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்ட மூன்று குடும்பங்களில் ஒன்றின் பெயர். எஸ்றா 8:33இல் ஆலயத்துக்கு வந்த வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்கியவர் உரியாவின் மகனாகிய மெரெமோத் என்னும் ஆசாரியர். இவர்கள் ஒரே குடும்பத்தார் என்றே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்படியானால், ஒரு தலைமுறையில் சான்று காட்ட முடியாமல் ஒதுக்கப்பட்ட குடும்பம், சில தலைமுறைகளின் பின் ஆலயத்தின் பொன்னை நம்பி ஒப்படைக்கக்கூடிய ஆசாரியக் குடும்பமாக மீண்டிருக்கிறது. எப்போது, எந்தத் தீர்ப்பினால் மீண்டது என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் மெரெமோத்தின் பெயர் நெகேமியா 3இல் இரண்டாம் முறையும், 21ஆம் வசனத்தில், வருகிறது. தன் பங்கை முடித்துவிட்டு அவர் எடுத்துக்கொண்ட இரண்டாவது துண்டு, பிரதான ஆசாரியன் எலியாசிபின் வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டின் கடைசிவரை உள்ள மதில். மூன்று வறண்ட அதிகாரங்களைச் சேர்த்து வாசித்தவருக்கே இந்த வரலாறு கிடைக்கும். தனித்தனியே வாசித்தால் அது அகப்படாது.

பெயர்ப் பட்டியல் ஒன்றிலிருந்து பேரிலக்கியம் பிறக்கும் என்பதைத் தமிழ்ச் சைவ மரபு உலகுக்குக் காட்டியிருக்கிறது. திருவாரூரில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல்கள் கொண்டது. தனியடியார் அறுபது பேரையும் தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரையும், இன்னாருக்கு அடியேன், இன்னாருக்கு அடியேன் என்று அது வரிசையாக வணங்கிச் செல்கிறது. அந்தணரை அடுத்துக் குயவர் வருகிறார். திருநாளைப்போவாருக்கு அதில் கிடைப்பது ஒரு தொடர்தான். அந்தப் பட்டியலை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார்; 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதையே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக வளர்த்துப் பெரியபுராணமாக்கினார். பெயரைக் கேட்டவுடன், இவர் யார், என்ன செய்தார் என்று கேட்ட ஒரு சமூகம் இருந்ததால்தான் அது நடந்தது. நம் வேதபாட வகுப்புகளில் யர்காவைப் பற்றியும் சேராளைப் பற்றியும் அப்படிக் கேட்பார் இல்லை. இஸ்லாமியச் சகோதரர் நபிமொழி ஒவ்வொன்றுக்கும் அதை அறிவித்தோரின் பெயர் வரிசையைக் காத்து, ஒவ்வொருவருடைய நம்பகத்தையும் ஆராய்ந்ததும் இதே அக்கறையின் இன்னொரு வடிவம்.

ஆனால் எல்லாப் பட்டியலும் ஆறுதல் தருவதில்லை. மீதியானியரோடு நடந்த போரின் பின் கொள்ளைப்பொருளுக்கு எடுத்த கணக்கு எண்ணாகமம் 31இல் உண்டு: ஆடு 675,000, மாடு 72,000, கழுதை 61,000, அவற்றை அடுத்து, அதே வரிசையில், புருஷனை அறியாத பெண்கள் 32,000 பேர். அவர்கள் பாதி பாதியாகப் பங்கிடப்படுகிறார்கள். ஒரு பாதியான 16,000 பேரில் 32 பேர் கர்த்தருக்குரிய பகுதியாக ஒதுக்கப்படுகிறார்கள். செலொப்பியாத்தின் மகள்மாருக்குப் பெயர் தந்த அதே நூல், இந்தப் பெண்களில் ஒருவருக்கும் பெயர் தரவில்லை. இதற்கு இனிமையான உட்பொருள் ஒன்றைத் தேடி எடுப்பது வேதத்துக்கு மரியாதை செய்வதாகாது. எண்ணுகிறவரின் கை எவ்வளவு கல்லாகக்கூடும் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சியாக நிற்கிறது. அதை அப்படியே வாசித்து, அதன் முன் கலங்கி நிற்பதுதான் சரியான வாசிப்பு. குடிமதிப்பின் ஆபத்தை வேதாகமமும் அறியும். தாவீது போர்வீரரை எண்ணும்படி கட்டளையிட்டபோது அவனுடைய படைத்தலைவன் யோவாபே தடுத்துப் பேசினான்; எண்ணி முடித்ததும் 70,000 பேர் வாதையில் மாண்டார்கள். யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டில் தங்கியிருப்போரின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து, அந்தப் படிவத்தைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்களுக்கு, பெயர் எழுதப்படுவது எப்போதும் நன்மையாக முடியாது என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகையால் ஒவ்வொரு பட்டியலிடமும், எழுதுகிறவர் யார், எதற்காக எழுதுகிறார் என்றும் கேட்டாக வேண்டும்.

மறுபுறத்தில், வறட்சியைப் போக்குவதாக எண்ணிச் சிலர் பெயர்களுக்குள்ளும் எண்களுக்குள்ளும் இரகசியக் குறியீடுகளைத் தேடுகிறார்கள். 1 நாளாகமம் 4இல் வரும் யாபேஸின் ஜெபத்தைச் செல்வம் பெருக்கும் மந்திரம்போல் அச்சிட்டு வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். அந்த இரண்டு வசனங்களும் எந்த வம்ச வரிசையின் நடுவே நிற்கின்றன என்று அவர்கள் பார்ப்பதில்லை. யாருடைய மகன் என்றுகூடச் சொல்லப்படாமல், யூதாவின் வம்ச வரிசை நடுவே நிற்கும் ஒருவன், தன் எல்லையைப் பெரிதாக்கும்படி கேட்கிறான். தகப்பன் பெயர் இல்லாதவனுக்குக் காணி எப்படி வரும் என்ற கவலையில் எழுந்த ஜெபமாகவே நான் அதை வாசிக்கிறேன்.

வழிபாட்டில் இந்தப் பகுதிகளை உரக்க வாசிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருப்பலியில் மத்தேயு 1இன் வம்சவரலாறு டிசம்பர் 17ஆம் நாள் நற்செய்தியாக வாசிக்கப்படுகிறது. நம்முடைய மற்றச் சபைகளில் அதைத் தவிர்த்து, 18ஆம் வசனத்திலிருந்து தொடங்குவதே பெரும்பான்மை வழக்கம். ரோமர் 16இன் வாழ்த்துப் பட்டியலும் இப்படியே ஒதுக்கப்படுகிறது. பவுல் அதுவரை போயிராத நகரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவற்றில் பல, அக்கால ரோமாபுரியில் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் தாங்கிய பெயர்கள். பிரயாசப்பட்டவர்கள் என்று அங்கே பாராட்டப்படும் நால்வரும், அதாவது மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்போர், பெண்கள். இதை வாசிக்கிறவர் முதல் நாளே வீட்டில் உரக்க வாசித்துப் பழகி, ஒவ்வொரு பெயருக்கும் பின் சற்றே நிறுத்தி வாசித்தால் போதும்; பிரசங்கத்தில் விளக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

மத்தேயுவின் பட்டியலுக்கு அந்த நிறுத்தம் இன்னும் அதிகமாகத் தேவை. ஆபிரகாம் முதல் கிறிஸ்துவரை பதினான்கு பதினான்கு தலைமுறையாக மூன்று கூறு என்று வகுத்து எழுதும் மத்தேயு, அந்த ஒழுங்குக்காக அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று அரசரின் பெயர்களை விட்டுவிடுகிறார். அரசரையே விட்டுவிடத் துணிந்தவர், தாமார், ராகாப், ரூத் என்ற பெண்களை விடவில்லை. தாவீதிடம் வரும்போது, சாலொமோனின் தாயை அவள் பெயரால் அழைக்காமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதுகிறார். இந்த உரியா ஏத்தியன் என்னும் வேற்றினத்தவன், தாவீதின் படையில் விசுவாசமாய்ப் போரிட்டவன், அவன் மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்டு, போர்முனையில் அவனைக் கைவிடும்படி எழுதிய கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான். இரத்த உறவால் அந்த வம்சத்தில் உரியாவுக்கு இடம் கிடையாது. அப்படியிருந்தும் அரச வம்சத்தின் நடுவே, தாவீதின் பெயருக்கும் சாலொமோனின் பெயருக்கும் இடையில், கொலையுண்டவனின் பெயரை மத்தேயு எழுதிவைத்தார். 18ஆம் வசனத்திலிருந்து தொடங்கும் சபை கிறிஸ்மஸ் காலத்தில் அந்தப் பெயரைக் கேட்பதேயில்லை.